கண்ணாடியைக் கழற்றிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் சிங்கம் அரசாண்டது என்று தொடங்குவது கதை மரபு. இந்தக் காட்டிலும் சிங்கம் இருந்தது. அது அப்போது மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில், நாற்பத்து மூன்றாம் எண் டோக்கனைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரு முயலுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. முயலின் எண் நாற்பத்திரண்டு. ஆகவே இருவருக்கும் தகராறு எதுவும் இல்லை.

அந்த மருத்துவமனைக்கு அறுவை மருத்துவர் ஒரே ஒருவர்தான். டாக்டர் சூலபாணி, முள்ளம்பன்றி. கை அவ்வளவு சுத்தம். அவர் போட்ட தையலை ஆறு மாதம் கழித்து நோயாளியே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. வாய் அதற்கு நேர்மாறு. கத்தரி ஒரு நொடி தாமதமாக வந்தால் கத்துவார். சீக்கிரம் வந்தால் "நான் கேட்டேனா?" என்று கத்துவார். சரியான நேரத்தில் வந்தால், தினமும் ஏன் இப்படி வருவதில்லை என்று கத்துவார். கத்தி முடித்ததும் எதையாவது எறிவார். எறிய ஒன்றும் அகப்படாவிட்டால் முதுகிலிருந்து முள் பறக்கும்.

முள்ளம்பன்றி முள்ளை எறியாது, அது வெறும் கட்டுக்கதை என்று விலங்கியல் நூல்கள் அழுத்தமாகச் சொல்கின்றன. அவற்றை எழுதிய அறிஞர்களில் ஒருவர்கூட சூலபாணியிடம் அளவு தவறிய கையுறையை நீட்டியதில்லை.

ஆபரேஷன் முடித்து வராந்தாவுக்கு வந்தால் உறவினர்களுக்கும் இதே கதிதான். "யாருய்யா இவனைப் பத்து நாள் வீட்டுல வச்சு வேடிக்கை பார்த்தது? மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் நான்தான் வச்சுத் தைக்கணுமா?" என்பார். திட்டு வாங்கியவர்கள் முகம் மலர்ந்து கும்பிடுவார்கள். சிலர் ஆனந்தக் கண்ணீரே விடுவார்கள். தன் கைராசிக்குக் கிடைக்கும் மரியாதை அது என்று சூலபாணி எடுத்துக்கொண்டார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் கத்தியதில்லை. உயிர் நிற்காத நாள்களில் அவர் வெளியே வரும்போது முள்ளெல்லாம் முதுகோடு படிந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றுவார். "உட்காருங்கம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருடைய மற்ற வார்த்தைகளைக் காடு பொறுத்துக்கொண்டது.

அவர் வேலைக்கு வந்த பதினோராம் ஆண்டில், மயக்க மருந்து கொடுக்கும் தேவாங்கு மேசையோரமாகக் கண்ணயர்ந்தது. மருந்தை மோந்துவிட்டதா, பிறவிக் குணமா என்று ஆராயும் பொறுமை சூலபாணிக்கு இல்லை. டிரே பறந்தது. தேவாங்கு குனிந்து தப்பியது. அடுத்து முள் பறந்தது. தேவாங்கு தப்பவில்லை. முள்ளைப் பிடுங்காமல் நேராக அலுவலகத்துக்கு நடந்து, புகார்ப் படிவத்தை நான்கு நகலில் நிரப்பி, சான்றுப் பொருளாகத் தன் தொடையைக் காட்டியது.

"டாக்டர், உம்ம மேல இது பதினேழாவது புகார்," என்றார் கண்காணிப்பாளர் மகுடபதி. அவர் ஒரு காட்டெருமை. எதையும் மென்று, விழுங்கி, மறுபடி மேலே கொண்டுவந்து மென்ற பிறகே முடிவெடுப்பார். நிர்வாகத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

"தூங்கினவனை விட்டுட்டு எழுப்பினவனை விசாரிக்கிறீங்களா?"

"தூங்குறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை. முள்ளுக்கு இருக்கு." மகுடபதி ஒருமுறை மென்றார். "ஒரு மண்டலம் தர்றேன். நாற்பத்தெட்டு நாள். ஆலோசகர் தவமணிகிட்ட போய்க் கோபத்தை அடக்கக் கத்துக்கும். அதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு புகார் வந்தாலும் ஆபரேஷன் தியேட்டர் சாவி என் கைக்கு வந்துரும். நீர் சான்றிதழ்ப் பிரிவுக்குப் போயிரலாம்."

சான்றிதழ்ப் பிரிவு என்பது, லீவு கேட்கும் குரங்குகளுக்கு வயிற்றுவலி என்று எழுதிக் கொடுக்கும் அறை. சூலபாணிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயத்தில் முள் சிலிர்த்தது. கத்தி பிடிக்காத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பலாப்பழத்தைக்கூட அவர் தோல், சவ்வு, தசை என்று அடுக்கடுக்காகத்தான் திறப்பார். சுளையை எடுத்த பிறகு தைத்து மூடிவிடுவதும் உண்டு.

ஆலோசகர் தவமணி ஒரு கொக்கு. குளக்கரையில் ஒற்றைக் காலில் நின்றபடியே ஆலோசனை சொல்வார். உணர்ச்சியை அடக்குவதில் அவருக்கு இணையில்லை என்பது காடறிந்த செய்தி. எதற்காக அடக்குகிறார் என்பது மீன்களுக்குத் தெரியும். மீன்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

"கோபம் வந்தா உடம்புல முதல்ல எங்க தெரியுது டாக்டர்?"

"முதுகுல."

"நல்லது. அதுக்கு ஒண்ணுல இருந்து பத்து வரை மார்க் போடுங்க. மூணு வந்ததும் மூச்சை இழுங்க. நாலு எண்ணுங்க. விடுங்க. அப்புறம் இந்த அட்டையை நிரப்பிச் சத்தமா வாசிங்க."

அட்டையில் 'நான் இப்போது ......... உணர்கிறேன், ஏனென்றால் .........' என்று அச்சிட்டிருந்தது.

சூலபாணி வாசித்தார். "நான் இப்போது உங்களைக் குத்த வேண்டும் என்று உணர்கிறேன், ஏனென்றால் நீங்கள் என் நேரத்தை வீணாக்குகிறீர்கள்."

"அருமை! ரொம்ப நேர்மையா இருக்கு," என்று குறித்துக்கொண்டு தவமணி இரண்டடி தள்ளி நின்றார்.

மூன்றாவது சந்திப்பில் கொக்கு வேறு பக்கமாக வந்தது.

"நீங்க அமைதியாப் பேசின இடமே உங்க வாழ்க்கையில கிடையாதா?"

சூலபாணி யோசித்தார். "ஒரு இடம் உண்டு."

"அங்க என்ன செய்வீங்க?"

"கண்ணாடியைக் கழட்டுவேன். உட்காரச் சொல்லுவேன். தோள்ல கை வைப்பேன். கொஞ்ச நேரம் சும்மா நிப்பேன். அப்புறம் மெதுவாச் சொல்லுவேன்."

"பிரமாதம்! மருந்து உங்களுக்குள்ளேயே இருக்கு டாக்டர். அதையே இனிமே எல்லார்கிட்டயும் செய்யுங்க. முதல்ல தியேட்டருக்குள்ள பழகுங்க. நாற்பது நாள் வெளிய சேதி சொல்ற வேலையை உங்க தியேட்டர் நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் பார்க்கட்டும். நாற்பத்தோராம் நாள் நீங்களே போய் உறவினர்கள்கிட்டப் பேசுங்க. அதுதான் கடைசிப் பாடம்."

அந்த ஓர் இடம் எந்த இடம் என்று தவமணி கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் மீன் அடியாழத்துக்குப் போய்விடும்.

சூலபாணி பயின்றார். சாவி போய்விடும் என்ற பயத்தில்தான் தொடங்கினார். கத்தரி தாமதமானால் "நான் இப்போது கத்தரி இல்லாமல் உணர்கிறேன்" என்றார். தேவாங்கு கண்ணயர்ந்தால் "தம்பி, கொஞ்சம் கண்ணைத் திறந்துக்கிறீங்களா?" என்றார். அவர் வாயிலிருந்து 'தம்பி'யையும் 'ங்க'வையும் கேட்ட அதிர்ச்சியில் தேவாங்கு அதற்குப் பிறகு தூங்கவே இல்லை. பத்து நாளில் பழகியது. முப்பது நாளில் பிடித்துப்போனது. கத்தாமல் தைத்தால் கழுத்து வலிப்பதில்லை என்று அவர் கண்டுபிடித்தார்.

நாற்பத்தோராம் நாள் மேசைக்கு வந்தவர் உச்சிமாகாளி என்ற காட்டுப்பன்றி. கல்யாணப் பந்தியில் சோற்றை முடித்து, இலையை முடித்து, இலைக்குக் கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் தாளையும் முடித்த வகையில் குடல் அடைப்பு. சூலபாணி தாளை எடுத்து, குடலைச் சீராக்கி, வயிற்றை மூடப் போகும் நேரம்.

"சார்," என்றார் எஸ்தர் சிஸ்டர். அவர் ஓர் அணில். கொட்டையானாலும் ரத்தம் ஒற்றும் காஸ் துணியானாலும் எண்ணாமல் விடமாட்டார்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"காஸ் துணி இருபது குடுத்தேன். பத்தொன்பதுதான் திரும்பி வந்திருக்கு."

முதுகில் முள் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. தேவாங்கு மேசைக்கு அடியில் போனது. சூலபாணி மூச்சை இழுத்தார். நாலு எண்ணினார். விட்டார்.

"நல்லவேளை சொன்னீங்க. தேடுவோம்."

இருபதாவது துணி கல்லீரலுக்குக் கீழே ரத்தத்தில் ஊறிச் சுருண்டு கிடந்தது. எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு நூலுக்குக் கை நீட்டினார். நூல் வரவில்லை. எஸ்தர் சிஸ்டர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர்?"

"பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான் சார் குறையுதுன்னு சொல்ல எனக்கு வாய் வந்துச்சு."

"அப்போ, இதுக்கு முன்னாடி?"

"புள்ளிமான் வீட்டு அன்னபூரணி அம்மா சார். மூணு மாசம் கழிச்சு வயித்துல கட்டின்னு திரும்பி வந்தாங்களே. முதல் ஆபரேஷன் அன்னைக்கே எண்ணிக்கை குறைஞ்சுது. சொல்ல வந்தேன். நீங்க டிரேயைத் தூக்கினீங்க."

சூலபாணிக்கு நினைவிருந்தது. இரண்டாம் தடவை திறந்தபோது கட்டி இருந்த இடத்தில் துணி இருந்தது. அன்று அவர் இரண்டு மணி நேரம் கத்தினார். என்ன கத்தினார் என்பதும் நினைவுக்கு வந்தது. "வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துரும்?"

"மன்னிச்சிருங்க சிஸ்டர்," என்றார். பிறகு பதினாறு தையல் போட்டார். அவ்வளவு அழகான தையலை அவர் அதற்கு முன் போட்டதில்லை. கடைசி முடிச்சில் கண் கலங்கிக் கண்ணாடி மங்கியது.

அந்தக் கலக்கத்தோடுதான் அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் முப்பத்தொரு காட்டுப்பன்றிகள் இரண்டு மணி நேரமாகக் கதவில் காது வைத்துக் காத்திருந்தன. உச்சிமாகாளியின் மனைவி முப்பிடாதி முன்னால் வந்தாள்.

"எய்யா, உள்ள ஒரு சத்தத்தையும் காணலியே?"

முள்ளெல்லாம் முதுகோடு படிந்திருந்தது. சூலபாணி கண்ணாடியைக் கழற்றினார்.

முப்பிடாதியின் முகம் வெளுத்தது.

"உட்காருங்கம்மா," என்றார் டாக்டர். தோளில் கை வைத்தார். மூச்சை இழுத்தார். நாலு எண்ண வேண்டும். இரண்டு வரைக்கும்தான் எண்ண முடிந்தது.

"என்னைய விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று முப்பிடாதி மார்பில் அடித்துக்கொண்டாள். முப்பது பன்றிகள் அதைப் பின்பாட்டாக எடுத்தன.

தவமணி சொல்லிக் கொடுத்தபடி சூலபாணி குரலை இன்னும் தாழ்த்தினார். "அம்மா, பொறுமையாக் கேளுங்க. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்."

"எக்கா, முடிஞ்சுபோச்சுன்னு அவரே சொல்லுதாரு!" என்று அலறினான் முப்பிடாதியின் தம்பி சுடலை.

"முடிஞ்சுதுன்னா நல்லபடியா முடிஞ்சுது. இப்போ அவருக்கு வலியே கிடையாது. நிம்மதியாத் தூங்குறாரு."

இதற்கு மேல் எந்தக் குடும்பத்துக்கும் விளக்கம் தேவைப்படாது. சுடலை பச்சை மூங்கில் வெட்ட ஓடினான். சங்குக்குச் சொல்லியனுப்பினார்கள். மூத்த மகன் மொட்டைக்குத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிலைமை மோசமாவதைக் கண்ட சூலபாணி, தன் அன்பு போதவில்லையோ என்று நினைத்து இன்னும் மெதுவாகப் பேசினார்.

அந்தச் சமயத்தில்தான் தேவாங்கு ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தது. மயக்கம் தெளிந்த உச்சிமாகாளி, போர்வைக்குள் கிடந்தபடியே ஒப்பாரியைக் கேட்டார்.

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாரே! சோத்துக்கு ஒரு நாள் பறந்ததில்லையே!"

யாரைச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "ஏட்டி, யாருட்டி செத்தா?"

வராந்தா ஒரு கணம் உறைந்தது. அடுத்த கணம் அங்கிருந்த பன்றிகளெல்லாம் பேயைக் கண்ட வேகத்தில் வெளிநோயாளிப் பிரிவு வழியாகப் பாய்ந்தன. வரிசை சிதறியது. சிங்கத்தின் டோக்கன் எங்கோ போய்விட்டது. சொந்தக்காரர்கள் ஓடுவதைக் கண்ட உச்சிமாகாளியும் ஸ்டிரெச்சரிலிருந்து குதித்து ஓடினார். ஏன் ஓடுகிறோம் என்று விசாரித்துவிட்டு ஓடுவது காட்டுப்பன்றி மரபல்ல.

தன் பதினாறு தையலும் நாலுகால் பாய்ச்சலில் போவதை சூலபாணி பார்த்தார். முதுகில் ஒன்று என்பதே வரவில்லை. நேராகப் பத்து.

"டேய்! நில்லுடா! தையல் பிரிஞ்சா உங்க தாத்தனா வந்து தைப்பான்? பந்தியில பிளாஸ்டிக்கைத் தின்ன பயலுக்கு ஓட்டம் ஒரு கேடு! படுடா அங்கேயே! ஏம்மா, நீ எதுக்கு மாரடிக்கிற? புருஷன் வாயில என்ன போகுதுன்னு பார்க்கத் துப்பில்ல, ஒப்பாரி மட்டும் ராகம் தப்பாம வருதோ!"

காடே நின்றது. உச்சிமாகாளி இருந்த இடத்தில் படுத்தார். முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். முகம் மலர்ந்து, மூங்கிலோடு திரும்பிய தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

"எலே சுடலை! மூங்கிலைக் கீழ போடுல! டாக்டரு திட்டிட்டாரு! அத்தான் பிழைச்சுக்கிட்டாவ!"

"நல்லாத் திட்டினாரா எக்கா?"

"அத்தானை மட்டுமாலே? என்னையும் சேத்துல்லா திட்டினாரு!"

மறுநாள் விசாரணை. மகுடபதியின் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. சூலபாணி கேட்கும் முன்பே தியேட்டர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.  தவமணியும் முப்பிடாதியும் எஸ்தர் சிஸ்டரும் அங்கே இருந்தார்கள்.

"முதல் புகார், ஆலோசகர் தவமணி," என்று வாசித்தார் மகுடபதி. "பொது இடத்தில் கத்தினார். முள் அளவு பத்து. இதுக்குக் கட்டம் இருக்கு. ரெண்டாவது, முப்பிடாதி. 'உயிரோடு இருந்தவரைப் பற்றி டாக்டர் எங்களிடம் அன்பாகப் பேசிவிட்டார்.' இதுக்கு எந்தக் கட்டமும் இல்லை. என்னம்மா இது?"

"அய்யா, பால்குடி மறக்காத குட்டிக்கும் இது தெரியும். இந்த டாக்டரு திட்டினா ஆளு பிழைச்சாச்சு. கண்ணாடியைக் கழட்டினா கதை முடிஞ்சாச்சு. இத்தனை வருசமா அப்படித்தான அவரு சேதி சொல்லுதாரு? திடீர்னு மாத்தினா நாங்க எதை நம்ப?"

மலர்ந்த முகங்களும் ஆனந்தக் கண்ணீரும் தன் கைராசிக்கு வந்தவை அல்ல என்பது சூலபாணிக்கு அப்போதுதான் விளங்கியது. தவமணி ஒற்றைக் காலை மாற்றி நின்றார்.

எஸ்தர் சிஸ்டர் கை உயர்த்தினார். "அய்யா, இந்த நாற்பத்தோரு நாள் தியேட்டருக்குள்ள அவர் கத்தல. அதனாலதான் நேத்து நான் துணி குறையுதுன்னு சொன்னேன். இல்லைன்னா அது இப்போ இவங்க வீட்டுக்காரர் வயித்துல இருக்கும். உள்ள கத்த விடாதீங்க. வெளிய கத்தாம விடாதீங்க. சாவியை மட்டும் வாங்கிராதீங்க."

மகுடபதி அதை மென்றார். விழுங்கினார். மதிய உணவுக்குப் பிறகு மேலே கொண்டுவந்து மறுபடி மென்றார். மாலையில் உத்தரவு வந்தது. கத்தியதாக ஒரு புகாரும் கத்தாததாக ஒரு புகாரும் ஒரே நாளில் வந்திருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. சாவி டாக்டரிடமே இருக்கும். தியேட்டர் வாசலில் மஞ்சள் கோடு போடப்படும். கோட்டுக்கு உள்ளே குரல் எழுப்பக் கூடாது. கோட்டுக்கு வெளியே, பிழைத்த நோயாளி ஒவ்வொருவருக்கும் மூன்று திட்டுக்குக் குறையக் கூடாது. அதில் ஒன்றாவது குடும்பத்தாரின் அறிவைப் பற்றியதாக இருக்க வேண்டும். திட்டு வாங்கியதற்கு உறவினர் படிவத்தில் கையொப்பமிட வேண்டும், நான்கு நகலில்.

இதில் ஒரே ஒரு சிக்கல். சூலபாணிக்கு இப்போது கோபம் வரவில்லை. கோட்டைத் தாண்டி வந்து நிற்பார். உறவினர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். முள் அசையாது. மகுடபதி யோசித்து, டாக்டருக்குக் கோபம் கற்றுக் கொடுக்க மூன்று நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். நடத்தியவர் தவமணியேதான். வாழ்நாளில் கோபப்பட்டதே இல்லாத அவர், கோபத்தின் ஏழு படிநிலைகளைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பயிற்சி முழு வெற்றி. இப்போதெல்லாம் சூலபாணி கோட்டைத் தாண்டியதும் கண்ணை மூடி அந்தக் கரும்பலகையையும் அதன் பக்கத்தில் நிற்கும் கொக்கையும் ஒரு நொடி நினைத்துக்கொள்வார். முள் தானாக எழும்பும். திட்டும் கோவையாக வரும். வராந்தாவில் எல்லோரும் கண்ணீர் மல்கக் கையொப்பமிடுவார்கள்.

சில மாதங்கள் கழித்துத் தவமணி தொண்டையில் மீன்முள்ளோடு வந்தார். வலியில் குரல் கீச்சென்று வந்தது. டாக்டர் சூலபாணி விளக்கடித்துப் பார்த்தார். சின்ன முள். இடுக்கியால் இரண்டு நிமிட வேலை. அவர் நிமிர்ந்தார். முதுகு முள் ஒவ்வொன்றும் பட்டுப்போலப் படிந்திருந்தது. மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உட்காருங்க சார்."

பிறந்ததிலிருந்து நின்றே பழகிய தவமணியின் இரண்டு கால்களும் ஒருசேர மடங்கின.

"டாக்டர்! திட்டுங்க டாக்டர்! அறிவில்லையான்னு கேளுங்க! முள்ளோட முழுங்குவியான்னு கேளுங்க! ஒரே ஒரு தடவை!"

சூலபாணி அவர் தோளில் கை வைத்தார். மூச்சை இழுத்தார். நாலு எண்ணினார். அவசரமே இல்லாமல் எண்ணினார்.

"நான் இப்போது ரொம்ப நிறைவாக உணர்கிறேன்," என்றார். ஏனென்றால் என்பதை மட்டும் நிரப்பாமல் விட்டுவிட்டு இடுக்கியை எடுக்கப் போனார்.

நீதி: மருத்துவர் உன்னைத் திட்டும்வரை உன் ஆயுள் கெட்டி. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னை உட்காரச் சொன்னால், எக்காரணம் கொண்டும் உட்காராதே.